ராஜா ஒருமுறை குதிரை மாதிரி தாவலாம்

அப்பாவுக்குச் சர்க்கரை. ராத்திரி எட்டு மணி வாக்கில் சாப்பிட்டாக வேண்டும். உலகச் சதுரங்க சாம்பியன் போட்டியின் 11ஆவது ஆட்டத்தை முடிவு வரை பார்க்காமல் நாங்கள் பாதியில் எழுந்து வந்ததற்கு அதுதான் காரணம். அம்மா இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

2024 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சிங்கப்பூர் செந்தோசாவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சென்னைப் பையன் குகேஷும் நடப்பு சாம்பியன், சீனாவின் டிங் லிரனும். பத்து ஆட்டம் முடிந்து ஆளுக்கு ஐந்து புள்ளி. ஆட்டம் மாலை ஐந்துக்குத் தொடங்கியது. யார் எப்போது எதைப் பற்றி யோசிக்கிறார்கள் என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் கணக்கு எழுதுகிறவள், சதுரங்கம் மறந்துபோய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பா மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தேர்த் திருவிழாவில் சாமி வரும் தெருவைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. இடது காதில் கருவி, சட்டைப் பையில் மாத்திரை டப்பா.

எட்டு மணி நெருங்கியதும் அவர் முழங்கையைத் தொட்டேன். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்றார். அஞ்சு நிமிஷம் இருபதானது. கை லேசாக நடுங்க ஆரம்பித்ததை நான் பார்த்துவிட்டேன், அவரும் பார்த்துவிட்டார். எழுந்து வந்துவிட்டோம்.

விவோசிட்டியில் ஒரு பரோட்டாவும் அவருக்குப் பாலும் சர்க்கரையும் போடாத தேநீர், தே ஓ கோசோங் ஒன்றும் வாங்கி வைத்துவிட்டு, அணைத்து வைத்திருந்த கைப்பேசியைத் திறந்தால் ஆட்டம் முடிந்திருந்தது. டிங் ஒரே ஒரு மூவில் கோட்டை விட்டிருக்கிறார். 29ஆவது மூவோடு கதை முடிந்தது. குகேஷ் 6, டிங் 5. அத்தனை நாள் காத்திருந்து, அத்தனை வெள்ளி கொடுத்து, கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டோமே என்று எனக்கு அழுகையே வந்தது.

அப்பா பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: "சரி விடு. ஆரோன் ஸ்டாக்ஹோம்ல ஆடினப்ப மட்டும் நான் நேர்ல போயா பாத்தேன்?"

எங்கள் வீட்டில் ஆரோன் என்றால் இந்தியாவின் பழைய சதுரங்க சாம்பியன் மானுவல் ஆரோன். பைபிளில் வரும் ஆரோன் இரண்டாவதுதான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக்கூட அந்தப் பெயர் தெரியும், ஆனால் அவரை அப்பாவின் அண்ணன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒருமுறைகூட அவரைப் பார்த்ததில்லை, கடிதம் எழுதியதில்லை. பாளையங்கோட்டையிலிருந்து என் பெரியப்பா கடித உறைக்குள் செய்தித்தாள் துண்டுகளை மடித்து வைத்து அனுப்புவார். ஊரில் யார் செத்தார்கள், யாருக்குக் கல்யாணம், மழை பெய்ததா, அப்புறம் ஆரோன் என்ன செய்தார். அந்தத் துண்டுகள் இன்றும் ஒரு கோங் குவான் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. திறந்தால் கற்பூர வாசனையும் பழைய பிஸ்கட் வாசனையும் சேர்ந்து வரும்.

அப்பா 1970இல் சிங்கப்பூருக்கு வந்தவர். செம்பவாங் கப்பல் பட்டறையில் மின்சார வேலை. ஊரில் அவருக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய தாத்தா. திண்ணையில் கரித்துண்டால் கோடு கிழித்து, மரக் காய்களை வைத்து ஆடுவார்களாம். அந்த ஆட்டத்தின் விதிகள் வேறு. சிப்பாய் முதல் நகர்வில் இரண்டு கட்டம் போக முடியாது, எப்போதும் ஒரு கட்டம்தான். ராஜாவும் யானையும் இடம் மாறுகிற கோட்டை கட்டல் கிடையாது. அதற்குப் பதிலாக ராஜா, அதுவரை செக் வாங்கியிருக்காவிட்டால், ஆட்டத்தில் ஒரே ஒருமுறை குதிரை மாதிரி தாவிக்கொள்ளலாம். கடைசி வரிசைக்குப் போன சிப்பாய் எந்தக் கட்டத்தில் ஏறியதோ அந்தக் கட்டத்துக்குரிய காயாகத்தான் மாறும். இதெல்லாம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். எங்கள் கொள்ளுத்தாத்தா ஊர் விதி இப்படி.

ராணி என்று ஒரு காயே அவர்களுக்குக் கிடையாது. ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்பது மந்திரி. நான் பள்ளியில் ராணி என்று கற்றுக்கொண்டு வந்தேன். குறுக்காகப் போகிற காயான பிஷப்பை எங்கள் தமிழாசிரியர் மந்திரி என்றார். வீட்டில் அப்பா "மந்திரிய நவுத்து, மந்திரிய நவுத்து" என்று கத்துவார், நான் பிஷப்பை நகர்த்துவேன், அவர் தலையில் அடித்துக்கொள்வார். இந்தக் குழப்பத்தில் நான் தோற்ற ஆட்டங்களுக்குக் கணக்கே இல்லை.

1972இல் ஐஸ்லாந்தில் அமெரிக்காவின் பிஷரும் ரஷ்யாவின் ஸ்பாஸ்கியும் உலக சாம்பியன் பட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோது எல்லா ஊரையும் போல இங்கேயும் அந்தக் காய்ச்சல் பரவியது. அப்பா தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சமூக நிலையத்தில் கேரம் பலகைகளுக்கு நடுவில் ஒரு சதுரங்கப் பலகையும் வந்து உட்கார்ந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அப்பா தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு போனார். எதிரில் உட்கார்ந்தது பதினைந்து வயது இருக்கும் ஒரு சீனப் பையன். அப்பா ஒவ்வொரு சிப்பாயாக ஒரு கட்டம் நகர்த்தினார். அந்தப் பையன் சிப்பாயை எடுத்த எடுப்பில் இரண்டு கட்டம் தள்ளியபோது, சின்னப் பையன், தெரியவில்லை போலிருக்கிறது என்று அப்பா பெரிய மனசோடு விட்டுவிட்டார். நெருக்கடி வந்ததும் ராஜாவைக் கையில் எடுத்து, குதிரை மாதிரி ஒரு தாவு. பட்டென்று வைத்தார்.

அந்தப் பையன் சிரித்தான். கூட்டாளிகளைக் கூப்பிட்டுக் காட்டினான். அவர்களும் சிரித்தார்கள். அப்பா தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் இது எங்கள் ஊர்ச் சட்டம் என்று சொல்லிப் பார்த்தார். யாரோ உள்ளே போய் ஒரு விதிப் புத்தகத்தை எடுத்து வந்து விரித்தார்கள். அப்பாவுக்கு அப்போது ஆங்கிலம் வாசிக்க வராது. ராஜாவைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தார். பத்து நிமிஷத்தில் தோற்றார்.

"அந்தப் பையன் மேல தப்பில்ல" என்பார் அப்பா, இந்தக் கதையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும். ஐம்பது வருஷமாகச் சொல்கிறார். தப்பில்லை என்றால் இத்தனை தடவை ஏன் சொல்ல வேண்டும் என்று அம்மா ஒருநாள் கேட்டார். பதில் வரவில்லை.

அடுத்த வாரமே ஸ்டாம்ஃபர்ட் ரோட்டில் இருந்த அந்தப் பழைய செங்கல் நிற தேசிய நூலகத்துக்குப் போய் ஒரு சதுரங்கப் புத்தகத்தை இரவல் வாங்கினார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். அப்பாவின் ஆங்கிலமே அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான். "தியாகம்" என்பதற்கு ஆங்கிலச் சொல் தெரியும், "வாடகை" என்பதற்குத் தெரியாது என்கிற நிலையில் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில்தான் ஆரோன் அவருக்குப் பெரிய ஆளானார் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஆரோன் ஆட வந்த காலத்தில் இந்தியாவில் நிறையப் பேர் இந்தத் திண்ணை விதிகளில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். உலகம் ஆடுகிற விதிகளையும் முறைகளையும் அங்கே வேரூன்ற வைத்தவர்களில் முக்கியமானவர் அவர். திண்ணையிலிருந்து கிளம்பி வெளியே போய், சிரிப்பு வாங்காமல், ஜெயித்தும் காட்டிய ஓர் ஆள். தமிழ் ஆள். அப்பாவுக்கு அது போதும்.

குகேஷ் ஆட்டத்துக்குப் போய் வந்த பிறகு, அப்பா சொல்லும் ஆரோன் கதைகளில் எது நிஜம் எது சரக்கு என்று உட்கார்ந்து சரிபார்த்தேன். தொழில் புத்தி. வரவையும் செலவையும் பொருத்திப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது.

மானுவல் ஆரோன் பிறந்தது பர்மாவில், டவுங்கூ என்ற ஊரில், 1935 டிசம்பர் 30ஆம் தேதி. வளர்ந்தது தமிழ்நாட்டில். இந்த 1935 எனக்கு வேறு காரணத்துக்காகவும் பிடித்துப்போயிற்று. அதே வருஷம்தான் இங்கே தமிழ் முரசு தொடங்கியது. அதே டிசம்பரின் நடுவில்தான் ஹாலந்துக்காரர் மாக்ஸ் யூவே, அலெகைனைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். அதாவது யூவே பட்டம் வாங்கி இரண்டு வாரம் கழித்துப் பிறந்த குழந்தை ஆரோன். 25 வருஷம் போனது. 1960இல் லைப்ஸிக் நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆரோன் ஜெயித்தார். "உலக சாம்பியனையே அடிச்சவரு" என்று அப்பா சொல்வதில் "முன்னாள்" என்ற ஒரு சொல்தான் குறை. அதைச் சேர்த்துவிட்டால் கணக்குச் சரி.

"ஒன்பது வருஷம் தொடர்ச்சியா சாம்பியன்" என்பது சரியில்லை. ஒன்பது முறை இந்தியாவின் தேசிய சாம்பியன் என்பது நிஜம், ஆனால் தொடர்ச்சியாக இல்லை. முதல் பட்டம் 1959இல், கடைசிப் பட்டம் 1981இல். இதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அப்பா முகம் சுருங்கும் என்று நினைத்தேன். எனக்கென்னவோ இதுதான் இன்னும் பெரிதாகப் படுகிறது. 23 வயதில் சாம்பியன் ஆன ஒரு மனிதர் 45 வயதிலும் சாம்பியன். நடுவில் எத்தனை வருஷம் பட்டம் கைவிட்டுப் போய், எத்தனை பேர் இனி அவ்வளவுதான் என்று சொல்லியிருப்பார்கள். தொடர்ச்சியாக ஜெயித்தவருக்கு அந்தத் தலைவலியெல்லாம் இருந்திருக்காது. அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நான் சொன்னதுலயும் ஒன்பது இருக்குல்ல" என்றார்.

1961இல் இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம், கிராண்ட்மாஸ்டருக்கு ஒரு படி கீழே. இந்தியாவுக்கு அதுதான் முதல். மங்கோலியாவின் மோமோவை வென்று, பிறகு ஆஸ்திரேலியாவின் சிசில் பர்டியை வென்று வந்த பட்டம். அதற்கடுத்த இந்தியர் அந்தப் பட்டத்தை எட்டியது 1978இல், பரமக்குடிக்காரர் ரவிக்குமார். நடுவில் 17 வருஷம் ஆரோன் ஒண்டி ஆளாக நின்றிருக்கிறார். மேலே கிராண்ட்மாஸ்டர் யாரும் கிடையாது, சொல்லித்தர ஆள் கிடையாது, இப்போது எங்கள் சின்னவன் கையில் இருக்கிற கணினியும் கிடையாது. சமமான ஆளோடு பழக வேண்டும் என்றால் கப்பலோ விமானமோ ஏறி வேறு நாட்டுக்குப் போக வேண்டும்.

இப்போது ஸ்டாக்ஹோம். அப்பாவின் தலையாய கதை இதுதான். 1962, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் முதல் வாரம் வரை. உலக சாம்பியனை எதிர்க்கப் போகிறவர்களைப் பொறுக்கி எடுக்கிற போட்டி. 23 பேர். ஒவ்வொருவருக்கும் 22 ஆட்டம். அப்பா சொல்லும் விதத்தில் ஆரோன் அங்கே பிஷரை அடித்தார், போர்ட்டிஷை அடித்தார், ஊல்மானை அடித்தார்.

போர்ட்டிஷை அடித்தது நிஜம். ஊல்மானை அடித்ததும் நிஜம். ஹங்கேரிக்கும் கிழக்கு ஜெர்மனிக்கும் அவர்கள் பெரிய தூண்கள். பிஷரை அடித்தது பொய். பிஷர் அந்தப் போட்டியில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் முதலிடம் வந்தார். ஆரோனும் அவரிடம் தோற்றார். அந்தச் சமயம் பிஷருக்கு 18 வயது. செந்தோசாவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாங்கள் பார்த்த குகேஷுக்கும் அதே 18.

அப்பா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த 23 பேரில் ஆரோன் கடைசி.

பட்டியலைப் பார்த்துவிட்டு இதை அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் தயங்கினேன். அப்புறம் ஒரு காலையில் இட்லி வைக்கும்போது பட்டென்று சொல்லிவிட்டேன்.

"தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏன்ப்பா சொன்னதே இல்ல?"

சட்னியைத் தொட்டுக்கொண்டார். "கடைசின்னு சொன்னா நீங்க அதோட நிறுத்திருவீங்க. மிச்சத்தக் கேக்க மாட்டீங்க." பிறகு கொஞ்ச நேரம் கழித்து: "ஆறு வாரம்மா. அந்த ஊரு குளிர்ல. இன்னைக்குத் தோத்துட்டு, நாளைக்கு எந்திரிச்சு, பல்லு வெளக்கி, கோட்டுப் போட்டுக்கிட்டு, திரும்பப் போய் உக்காரணும். அதுக்கு மறுநாளும். போர்ட்டிஷ அடிச்சானே, அது அப்படி ஒரு நாள்ல."

அப்பா ஆரோனை அவன் இவன் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

1972இல் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அப்பா வெளி ஆளோடு ஆடியதே இல்லை. விதியெல்லாம் கற்றுக்கொண்டார், புத்தகங்கள் படித்தார், ஆட்டங்களைத் தனியாகப் பலகையில் வைத்துப் பார்த்தார், கூட வேலை பார்த்த இரண்டு மலையாளிகளோடு பட்டறைச் சாப்பாட்டு நேரத்தில் ஆடினார். போட்டி என்று ஒன்றில் பெயர் கொடுத்ததில்லை. அதற்கு என்னைக் கொடுத்தார்.

என் போட்டி வாழ்க்கை ஒரே நாளில் ஆரம்பித்து அதே நாளில் முடிந்தது. 1988, தொடக்கநிலை ஆறு. பள்ளிகளுக்கு இடையிலான போட்டி. இரவு வேலை முடித்து அப்பா நேராக அங்கேயே வந்துவிட்டார். சட்டையில் கிரீஸ், கண் சிவப்பு. பெற்றோர்கள் நிற்கும் கயிற்றுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

முதல் ஆட்டம் எப்படி முடிந்தது என்று நினைவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் எதிரில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண். அவளுடைய ராணியை வெட்டிவிட்டேன். மேசையில் மரப் பெட்டிக்குள் இரண்டு முகம் வைத்த கடிகாரம், மேலே இரண்டு பித்தான். முள் பன்னிரண்டை நெருங்கினால் ஒரு சின்னச் சிவப்புக் கொடி மெல்ல மேலே தூக்கும், தாண்டினால் தொப்பென்று விழும். கொடி விழுந்தால் ஆட்டம் போச்சு. ராணியை வெட்டிய சந்தோஷத்தில் நான் பித்தானை அழுத்த மறந்துவிட்டேன். அந்தப் பெண் அதைக் கவனித்துவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள். பாவம், ராணி போன துக்கத்தில் யோசிக்கிறாள் என்று நானும் மரியாதையாகக் காத்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்தது என் கடிகாரம்.

கயிற்றுக்குப் பின்னாலிருந்து அப்பா அதைப் பார்த்துவிட்டார். வாய் திறக்கக் கூடாது. திறந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள். இருமினார். மறுபடி இருமினார். கட்டைவிரலால் தன் உள்ளங்கையை அழுத்தி அழுத்திக் காட்டினார். எனக்கு அவர் தண்ணீர் குடி என்று சொல்வதாகப் பட்டது. குடித்தேன். கொடி மெல்ல எழுந்து நின்றது, விழுந்தது. அந்தப் பெண் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்து அழுதேன். அப்பா ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். திட்டவில்லை. "எங்க ஊர் ஆட்டத்துல கடிகாரமே கிடையாது" என்றார். அடுத்த வருஷம் உயர்நிலைப் பள்ளியில் நான் வலைப்பந்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். அந்த 1988இல்தான் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன செய்தித் துண்டு பெரியப்பாவிடமிருந்து வந்தது. அப்பா அதை என்னிடம் காட்டவில்லை. டின்னுக்குள் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

அந்த ஆனந்தும் ஆரோன் வழியில் வந்தவர்தான். 1972இல் சென்னையில் சோவியத் கலாசார மையத்துக்குள் தால் சதுரங்க மன்றம் தொடங்கியபோது அதற்கு முன்நின்றவர் ஆரோன். பையனாக இருந்தபோது ஆனந்த் போய் ஆடிப் பழகிய இடம் அது. ஆனந்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறையில் ஒரு பையன் குகேஷ். 2024 கடைசியில் இந்தியாவில் கிராண்ட்மாஸ்டர்கள் எண்பதுக்கு மேல். அப்பாவைப் பொறுத்தவரை அது எண்பத்துச் சொச்சம் பேரப்பிள்ளைகள்.

நியாயமாகச் சொன்னால் நம் ஊர் சாம்பியன்கள் பற்றியும் டின்னுக்குள் துண்டுகள் உண்டு. பேராசிரியர் லிம் கொக் ஆன், 1949இல் சிங்கப்பூரின் முதல் சதுரங்க சாம்பியன். தொழில் கிருமிகளை ஆராய்வது. 1957இல் ஆசியக் காய்ச்சல் பரவியபோது அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களில் ஒருவர். பிறகு 1982லிருந்து 1988 வரை உலகச் சதுரங்கச் சம்மேளனத்துக்கே பொதுச் செயலாளர். காலையில் கிருமி, மாலையில் ராஜா ராணி. இப்படி ஒரு மனிதர் நம் ஊரில் இருந்தார் என்று என் அலுவலகத்தில் பதினோரு பேரிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஐம்பது வெள்ளி நோட்டில் போட வேண்டிய முகம் என்பது என் சொந்தக் கருத்து.

இன்னொருவர் டான் லியன் ஆன். சிங்கப்பூரின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1973இல் பிரேசிலின் பெட்ரோபோலிஸ் நகரில், ஆரோன் ஸ்டாக்ஹோமில் ஆடிய அதே மாதிரி போட்டியில் ஆடினார். அவரும் பட்டியலின் அடிவாரத்தில்தான் முடித்தார். அந்தச் செய்தித் துண்டின் ஓரத்தில் அப்பா பேனாவால் தமிழில் ஒரு சொல் எழுதி வைத்திருக்கிறார்: "நம்மாளு". சீனர் ஒருவரைப் பார்த்து அப்பா அப்படி எழுதியது வீட்டில் எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கு இல்லை.

டிசம்பர் 12, வியாழக்கிழமை. கடைசி ஆட்டம், பதினான்காவது. இம்முறை வீட்டிலேயே தொலைக்காட்சியில் போட்டு உட்கார்ந்தோம். அம்மா ஆறரைக்கே சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டார், ஒருமுறை பட்டது போதும் என்று. ஆட்டம் சவசவ என்று போய்க்கொண்டிருந்தது. பதின்மூன்று வயது சின்னவன், டிரா தாத்தா, தூங்கப் போறேன் என்றான். 55ஆவது மூவில் டிங் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். வர்ணனையாளர்கள் கத்தினார்கள். குகேஷ் கொஞ்ச நேரத்துக்கு நம்பாமல் பலகையைப் பார்த்தார். மூன்று மூவில் எல்லாம் முடிந்தது, குகேஷ் உலக சாம்பியன். அந்தப் பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். பிறகு காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் திரும்ப அடுக்கினான்.

அப்பா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து செருப்பை மாட்டினார். "வாடா" என்றார் சின்னவனிடம்.

எங்கள் புளோக்குக் கீழே கல் மேசை இருக்கிறது, மேலே கறுப்பு வெள்ளைக் கட்டம் பதித்தது, சுற்றி நான்கு கல் முக்காலி. பகலில் அதில் மூட்டைகளைத்தான் வைப்பார்கள். ராத்திரி யாரும் இருக்க மாட்டார்கள். பிளாஸ்டிக் காய்களைப் பையிலிருந்து கொட்டினார். ஒரு கறுப்பு யானையைக் காணவில்லை, அதன் இடத்தில் மாத்திரை டப்பாவை வைத்தார்.

"யார் விதி தாத்தா?" என்றான் சின்னவன். அவர்களுக்குள் இப்படி ஓர் ஒப்பந்தம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பள்ளி விதி, தாத்தா விதி என்று இரண்டு. காசு சுண்டிப் போட்டார்கள். தாத்தா விதி விழுந்தது.

நான் தூணில் சாய்ந்து நின்று பார்த்தேன். சின்னவன் சிப்பாய்களை ஒவ்வொரு கட்டமாக நகர்த்தினான், கொஞ்சமும் தடுமாறாமல். முக்கால் மணி நேரம் போனது. அப்பாவின் ராஜாவைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வந்துவிட்டான். இன்னும் செக் கொடுக்கவில்லை. கொடுத்துவிட்டால் தாவும் உரிமை போய்விடும், அது இருவருக்கும் தெரியும்.

"தாத்தா, இப்ப தாவிடுங்க. அப்புறம் முடியாது."

"எனக்குத் தெரியும்டா."

அப்பா ராஜாவின் தலையில் விரலை வைத்தார், எடுத்தார். கைப்பேசி அடித்தது. மேலேயிருந்து அம்மா. மாத்திரை டப்பா எங்கே என்று கேட்டார்.